மூக்குப்பொடிக்கு ராத்தலுக்கு 8 சென்ட்: 1794 வரி நியாயமானதுதானா?

பொடிமட்டை:
போன வாரம் வேறொரு இழையில் ஒரு நண்பர், "அமெரிக்க மத்திய அரசு புகையிலைப் பண்டத்துக்குப் போட்ட முதல் உள்நாட்டு வரி பணக்காரர்கள் மேல் விழுந்த நல்ல வரி" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் தனி இழை.

1794 ஜூன் 5 சட்டம் அது. இங்கிலாந்து அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். போர் வந்தால் இறக்குமதி வரி வருமானம் படுத்துவிடும் என்ற பயத்தில் குதிரை வண்டி, ஏலம், மதுச் சில்லறை விற்பனை என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் அந்தக் கோடையில் வரி போட்டார்கள். சுத்திகரித்த சர்க்கரைக்கு ராத்தலுக்கு (பவுண்டுக்கு) 2 சென்ட், மூக்குப்பொடிக்கு 8 சென்ட். மெல்லுகிற, புகைக்கிற புகையிலையும் முதலில் பேச்சில் இருந்தது. கடைசியில் பொடி மட்டும் மாட்டியது.

இதில் பணக்காரன் எங்கே வந்தான்? அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்த பொடி ஆலைக்காரன் கழுத்தில் கட்டிய கல் இது.

கணக்கப்பிள்ளை:
அந்த நண்பர் நான்தான். சொன்னதில் மாற்றம் இல்லை.

மற்ற புகையிலை ஏன் தப்பியது என்பதை விட்டுவிட்டீர்களே. புகையிலை வரி கடலோடிகள், தினக்கூலிகள் போன்ற ஏழைகள் தலையில் விழும், பணக்காரன் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வான் என்று அப்போது பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த மாடிசன் சபையில் பேசினார். ஏழையின் வாயில் மென்றதை விட்டுவிட்டு, வெள்ளிச் சிமிழில் வைத்து உறிஞ்சியதை மட்டும் பிடித்தார்கள். வேறு எதை எதிர்பார்க்கிறீர்கள்?

இன்னொன்று. 1789 சுங்கச் சட்டத்திலேயே இறக்குமதிப் பொடிக்கு ராத்தலுக்கு 10 சென்ட் வரி உண்டு. உள்ளூர் ஆலைகள் அந்த வேலிக்குள்தான் வளர்ந்தன. வேலி போட்டுக் கொடுத்த அரசு விளைச்சலில் கொஞ்சம் கேட்டால் அது கொள்ளையா?

ஓரக்கண்:
மாடிசன் வர்ஜீனியாக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே. புகையிலைத் தோட்டக்காரர்களின் ஊர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அப்புறம் ஒரு சந்தேகம்: இந்த வரிக்குத்தானே கலவரம் வெடித்து வாஷிங்டன் படை அனுப்பினார்?

பொடிமட்டை:
இல்லை தம்பி, அது சாராயம். 1791-ல் போட்ட விஸ்கி வரிக்கு மேற்குப் பென்சில்வேனியாவில் வெடித்தது. அதே 1794 கோடைதான், அதனால் குழப்பம் வருவது சகஜம். சுமார் 13,000 பேர் படை போனது.

பொடிக்காரர்கள் துப்பாக்கியைத் தொடவில்லை. பிலடெல்பியாவில் சர்க்கரை, புகையிலை உற்பத்தியாளர்கள் கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள். முன்னால் நின்றவர் தாமஸ் லீப்பர், க்ரம் ஓடைக்கரையில் பொடி ஆலை வைத்திருந்தவர். அந்த ஆண்டு பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் உள்நாட்டு வரிகளை ஆதரித்த தாமஸ் ஃபிட்ஸ்சைமன்ஸ் அதே ஊரில் ஜான் ஸ்வான்விக்கிடம் தோற்றார்.

அவர்கள் கோபம் 8 சென்ட் மீது மட்டும் இல்லை. கணக்குப் புத்தகம் வை, சத்தியம் செய்து ஒப்படை, அதிகாரி பார்க்க வருவார் என்றால் எவனுக்குத்தான் பிடிக்கும்? 1791 டிசம்பரில் உள்நாட்டுத் தொழிலை வளர்க்க வேண்டும் என்று நிதியமைச்சர் ஹாமில்டன் நீண்ட அறிக்கை கொடுத்தார். இரண்டரை ஆண்டில் அந்தத் தொழிலுக்கே வரி. இதை வீம்பு என்றுதான் சொல்வேன்.

கணக்கப்பிள்ளை:
சரி, அந்தக் கணக்குப் புத்தகத் தொல்லையை நீக்கியதும் என்ன ஆனது என்று பார்ப்போம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

1795 மார்ச்சில் ராத்தல் கணக்கையே விட்டுவிட்டு இயந்திரத்துக்கு வரி போட்டார்கள். தண்ணீரில் ஓடும் ஆலையில் உரல் ஒன்றுக்கு ஆண்டுக்கு 560 டாலர். எத்தனை இடித்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. பழைய 8 சென்ட் கணக்கில் 560 டாலர் என்பது 7,000 ராத்தலுக்கான வரி. அதற்கு மேல் இடிப்பதெல்லாம் வரியில்லாப் பொடி. பிறகு ராப்பகலாக உரல் ஓடாமல் என்ன செய்யும்?

கூத்து இத்தோடு முடியவில்லை. ஏற்றுமதி செய்தால் ராத்தலுக்கு 6 சென்ட் திருப்பித் தருவதாகச் சட்டம் சொன்னது. 560-ஐ 6 சென்டால் வகுத்துப் பாருங்கள். சுமார் 9,333 ராத்தல் கப்பலேறியதும் கட்டிய வரி முழுக்கக் கைக்கு வந்துவிடும். அடுத்த ராத்தலிலிருந்து அரசாங்கம் ஆலைக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கிறது! வசூலைவிடத் திருப்பிக் கொடுத்தது அதிகமாகி, 1796-ல் வரியை நிறுத்திவைத்தார்கள், 1800-ல் சட்டத்தையே நீக்கினார்கள்.

ஆகவே வரியில் குற்றம் இல்லை ஐயா, அளவுகோலில்தான். ராத்தல் கணக்கிலேயே விட்டிருந்தால் நின்றிருக்கும்.

பொடிமட்டை:
கணக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்த 9,333 ராத்தலை யாரால் ஏற்றுமதி செய்ய முடியும்? துறைமுகத்துப் பக்கம் பெரிய ஆலை வைத்தவனால். உள்ளூரில் கையால் இடித்தவனுக்கும் உலக்கை ஒன்றுக்கு 112 டாலர். அவன் நாள் பூராவும் இடித்தாலும் ஆற்று வேகத்தில் ஓடும் உரலில் ஐந்தில் ஒரு பங்கு தேறுமா? கோடையில் ஓடை வற்றினால் சின்ன ஆலை சும்மா நிற்கும், வரி நிற்காது. கஜானா ஏமாந்ததை மட்டும் பார்க்கிறீர்கள். எதிர்த்தவர்களிலும் சின்னவன்தான் செத்தான்.

நின்றிருக்கும் என்பதும் ஆசைதான். 1802-ல் ஜனாதிபதி ஜெபர்சன் காலத்தில் உள்நாட்டு வரிகளை மொத்தமாகத் துடைத்துவிட்டார்களே. 1815-ல், இங்கிலாந்தோடு நடந்த போரின் கடனுக்காகப் புகையிலைச் சரக்கு, சுருட்டு, பொடி எல்லாவற்றுக்கும் மதிப்பில் 20 சதவீதம் என்று வந்தது. 1817 முடிவதற்குள் உள்நாட்டு வரிகள் மறுபடி காலி. ஜனம் சகிக்கவில்லை.

கணக்கப்பிள்ளை:
1862-ஐ மறந்துவிட்டீர்கள். உள்நாட்டுப் போர்ச் செலவுக்கு மறுபடி ராத்தல் கணக்கு. பொடிக்கு 20 சென்ட், ஹாமில்டன் காலத்து வரியைப் போல இரண்டரை மடங்கு. மெல்லுவது, புகைப்பது, சுருட்டு எதுவும் தப்பவில்லை. போர் முடிந்து இவ்வளவு காலமாகியும் மத்தியப் புகையிலை வரி போகவில்லை.

ஓரக்கண்:
மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு பேர் சண்டையையும் வாசித்தேன். ஒன்று புரியவில்லை. 1794-ல் கணக்குப் புத்தகத்துக்கே முரண்டு பிடித்த ஆலைக்காரன் 1862-ல் மட்டும் ஒழுங்காகக் கணக்குக் காட்டினானா?

கணக்கப்பிள்ளை:
நல்ல கேள்வி. காட்டவில்லை. அதனால்தான் 1868-ல் ஸ்டாம்பு. ஆலையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு பொட்டலத்திலும் பெட்டியிலும் வரி ஸ்டாம்பு ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டாம்பு இல்லாத சரக்கு கடையில் இருந்தாலே பிடிக்கலாம். ஆலைக்காரன் சத்தியத்தை நம்பி உட்கார வேண்டாம், பொட்டலத்தைப் பார்த்தால் போதும்.

பொடிமட்டை:
ஸ்டாம்பு விஷயத்தில் சரி, இறங்கி வருகிறேன். 1794-ல் அப்படி ஒன்று இருந்திருந்தால் அதிகாரி ஆலைக்குள் மூக்கை நுழைக்க அவ்வளவு தேவை இருந்திருக்காது. ஆனால் ஸ்டாம்பும் சாது இல்லை. ஏற்றுமதிப் பொட்டலத்துக்கும் 25 சென்ட் ஸ்டாம்பு ஒட்டச் சொன்னார்கள். ஏற்றுமதிக்கு வரியே கூடாது என்று அரசியலமைப்பு சொல்லும்போது இது என்ன என்று கேட்டு ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, பேஸ் எதிர் பர்ஜஸ்.

கணக்கப்பிள்ளை:
போய் என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். 1876-ல் நீதிமன்றம், இது வரியில்லை, ஏற்றுமதிச் சரக்கை அடையாளம் காட்டுவதற்கான கட்டணம் என்று சொல்லிவிட்டது.

பொடிமட்டை:
கட்டணமாம். லீப்பர் உயிரோடு இருந்திருந்தால் இதற்கும் ஒரு கூட்டம் போட்டிருப்பார்.