நெட்டு போச்சு, லைட்டும் போச்சு: மாந்தோப்பு வீட்டுல நானே போட்ட ஆட்டோமேஷன்

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள்ள எங்க வீடு, அப்பா அம்மா மட்டும்தான், நான் ஓசூர்ல வேலை. காய் சீசன்ல ராத்திரி எவனாவது கோணியோட உள்ள பூந்துருவான்னு அப்பாவுக்கு தூக்கமே வராது, அதனால வைஃபை பல்பு நாலு, கேமரா ரெண்டு வாங்கி மாட்டுனேன். ஓசூர்ல உக்காந்து போன அமுக்குனா தோப்புல லைட் எரியுது, ஒரே பெருமை எனக்கு.

மே மாசம் ஒரு நாள் காத்து மழையில ஃபைபர் கேபிள் அறுந்துருச்சு. கரண்ட் இருக்கு, ரவுட்டர் ஓடுது, லைட் மட்டும் எரியல, ஏன்னா அந்த பல்பு கம்பெனி சர்வர் சொன்னாத்தான் கேக்கும். நாய் குரைக்குது, அப்பா சுவிட்ச தட்டி தட்டி பாக்கறாரு, ம்ஹூம். கரண்ட் போய் வந்தாலும் பழைய நிலையிலயே இருன்னு ஆப்ல செட் பண்ணி வச்ச புத்திசாலி நான்தான். விடிஞ்சு பாத்தா ரெண்டு செந்தூரா மரத்துல கைக்கெட்டுற காயெல்லாம் காணோம்.

அப்புறம் பல்பு மோகத்த விட்டுட்டு ராஸ்பெர்ரி பைங்கற கையடக்க கம்ப்யூட்டர் ஒண்ணுல ஹோம் அசிஸ்டென்ட்ங்கற சாஃப்ட்வேர் போட்டேன், காசு கெடையாது, எல்லாம் வீட்டுக்குள்ளயே ஓடும், வெளியூர்ல இருந்து பாக்க மட்டும்தான் நெட்டு வேணும். சுவிட்சுக்கு பின்னாடி ஜிக்பீ ரிலே, அதாவது வைஃபை மாதிரி ஒயர் இல்லாத ஜிக்பீ சிக்னல்ல லைட்ட போட்டு அணைக்கற சின்ன டப்பி, அதனால அம்மா எப்பவும் போல சுவிட்ச போட்டாலும் எரியும். ஹால் போர்டுல பிளக் பாயிண்ட் இருந்ததால டப்பிக்கு வேண்டிய நியூட்ரல் ஒயரும் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) இருந்துச்சு, பிரச்சனை இல்ல, திண்ணை போர்ட தொறந்தா ரெண்டே ஒயர். எலக்ட்ரீஷியன் அண்ணன் டெஸ்டர வச்சு பாத்துட்டு "தம்பி, இதுல நியூட்ரலே இல்ல, உன் டப்பி எதைக் குடிச்சு உயிரோட இருக்கும்"னாரு. புதுசா ஒயர் இழுக்கவே அரை நாள் போச்சு. வாங்கறதுக்கு முன்னாடி போர்ட கழட்டி பாத்துருங்க, ரிவ்யூ வீடியோவெல்லாம் அப்புறம் பாக்கலாம்.

இன்னொண்ணு, ஜிக்பீ டாங்கிள (ராஸ்பெர்ரி பையில சொருகி ரிலேகூட பேச வைக்கற குச்சி) நேரா யூஎஸ்பி 3 போர்ட்ல சொருகாதீங்க, சிக்னல் குழம்பும், ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு தள்ளி வைங்க. ரவுட்டரும் ராஸ்பெர்ரி பையும் இன்வெர்ட்டர்ல இருக்கட்டும். ஆள் அசைஞ்சா லைட் போடற மோஷன் சென்சார் மேல பல்லி ஏறுனா நடுராத்திரில தோப்பே வெளிச்சமாயிரும், அதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கல.

பென்னாகரத்துல இருந்து ஒருத்தர்:
அண்ணா, ரிலேவ மோட்டாருக்கு மட்டும் நேரா போட்றாதீங்க. 10 ஆம்ப்னு போட்டிருக்கு, 1 ஹெச்பி மோட்டார் தாங்கும்னு நெனச்சேன், ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கற கரண்ட் அதுக்கு பல மடங்காம், ரிலேக்குள்ள காண்டாக்ட் ஒட்டிக்கிச்சு. ஆப்ல ஆஃப்னு காட்டுது, டேங்க் ரொம்பி மாடிப்படியில தண்ணி கொட்டுது. இப்ப நடுவுல மோட்டார் கரண்ட தாங்கற பெரிய சுவிட்ச், காண்டாக்டர், போட்டாச்சு.

தேன்கனிக்கோட்டைல இருந்து:
நீங்கெல்லாம் வெளிய லைட் எரியணும்னு வைக்கறீங்க, எங்க பக்கம் யானை வரும். வேலிகிட்ட சென்சார் அடிச்சா கொட்டாய்க்கு உள்ள ஒரு சின்ன செவப்பு பல்பு மட்டும் எரியும். அது எரிஞ்சா யாரும் வெளிய போக மாட்டோம், கதவு தாப்பா ஒரு தடவ சரி பாத்துட்டு படுத்துக்குவோம்.