பால் பல்லின் குருத்தணுக்களைச் சேமிக்கப் பணம் கட்டலாமா?

கேள்வி (ஏற்காடு)

காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆறரை வயதான என் மகளுக்குக் கீழ்வரிசை முன்பல் பத்து நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது. சென்ற வாரம் அவளைச் சேலத்தில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, வரவேற்பறையில் ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தார்கள். விழப்போகும் பல்லிலிருந்து ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களை எடுத்து உறையவைத்தால், பிற்காலத்தில் குடும்பத்தில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் கைகொடுக்குமாம். சர்க்கரை நோய், முதுகுத்தண்டுக் காயம், தலசீமியா என்று அதில் நீண்ட பட்டியல் இருந்தது.

நான் தயங்குவதற்கும், தயக்கத்தை மீறி ஆசைப்படுவதற்கும் அந்த மூன்றாவது பெயர்தான் காரணம். என் அண்ணன் மகனுக்குத் தலசீமியா; உடலால் இரத்தத்தைச் சரியாக உண்டாக்க முடியாத பரம்பரை நோய். ஐந்து வயதுப் பையனுக்கு மூன்று வாரத்திற்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறார்கள். 21 ஆண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டச் சொல்கிறார்கள். அது என் நான்கு மாதச் சம்பளம். பல் விழுவதற்குள் முடிவெடுக்க வேண்டியிருப்பதால், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (குழந்தைகள் பல் மருத்துவர், சேலம்)

ஐயா, தலசீமியாவிலிருந்தே தொடங்குகிறேன். அந்த நோயைத் தீர்க்க வேண்டுமானால் இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் வேண்டும். அவை எலும்பு மஜ்ஜையிலும் தொப்புள்கொடி இரத்தத்திலும் இருக்கின்றன. பல்லின் நடுவே உள்ள மென்திசுவான பற்கூழில் இருப்பவை வேறு இனம். எலும்பு, கொழுப்பு, பல்லின் டென்டின் எனும் கடின அடுக்கு போன்றவற்றை உருவாக்கக்கூடியவையே தவிர, இரத்தத்தை உருவாக்குபவை அல்ல. உங்கள் மகளின் பல்லை எத்தனை ஆண்டுகள் காப்பாற்றி வைத்தாலும் உங்கள் அண்ணன் மகனுக்கு அதனால் பயனில்லை. இதை உங்களிடம் மறைத்தார்களா, அவர்களுக்கே தெரியவில்லையா என்பது வேறு கதை.

பால் பல்லில் குருத்தணுக்கள் இருப்பது உண்மைதான். அமெரிக்க ஆய்வாளர் சோங்டாவ் ஷியின் குழுவினர் 2003இல் இதை வெளியிட்டார்கள். தம் மகளுக்கு விழுந்த பல்லில் ஒட்டியிருந்த சிவந்த திசுவைக் கண்டுதான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாம். 2018இல் சீனாவில், அடிபட்டு முன்பல்லின் கூழ் செத்துப்போன குழந்தைகளுக்கு, அவரவர் பால் பல்லிலிருந்தே எடுத்து வளர்த்த அணுக்களை வைத்துக் கூழை மீண்டும் உயிர்ப்பித்ததாக ஓர் ஆய்வு வந்தது. நல்ல செய்திதான்; ஆனால் அது பல்லுக்குள் நடந்த வேலை. அங்கிருந்து சர்க்கரை நோய்க்கும் முதுகுத்தண்டுக்கும் தாவுவது துண்டறிக்கைக்காரர்களின் துணிச்சல்.

சட்டநிலையையும் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நம் நாட்டில் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்க மட்டுமே அனுமதி உண்டு. பல் உட்பட மற்றவற்றைச் சேமித்து வைக்கும் வணிகத்துக்கு இல்லை. உரிம எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

இன்னொன்று. தானாக விழுந்த பல்லைத் திருப்பிப் பார்த்தால், வேர் முழுவதும் கரைந்து அடிப்பக்கம் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். நடுவில் ஈரச் சிவப்பு தெரிந்தால்தான் கூழில் உயிர் மிச்சமிருக்கிறது என்று பொருள். நூலில் தொங்குவதுபோல் ஆடும் பல்லில் பெரும்பாலும் அதுவும் இருக்காது. அதனால்தான் வேர் கொஞ்சம் இருக்கும்போதே ஊசி போட்டுப் பிடுங்கிவிடலாம் என்பார்கள். தானாக விழப்போகும் பல்லுக்காகக் குழந்தைக்கு ஊசி போட நான் சம்மதிக்க மாட்டேன்.

பதில் 2 (முன்னாள் ஆய்வுக்கூடப் பணியாளர், சூரமங்கலம்)

மருத்துவர் சொன்னதற்கு மேல் மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை. அணுக்களை உறையவைக்கும் தொட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அணுக்கள் திரவ நைட்ரஜனில், கழித்தல் 196 பாகை செல்சியஸில் கிடக்கும். மின்வெட்டு வந்தால் என்னாகும் என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தத் தொட்டிக்கு மின்சாரமே வேண்டாம். நைட்ரஜன் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், வற்ற வற்ற ஊற்ற ஆள் வேண்டும், அவ்வளவுதான். 21 ஆண்டுகள் ஒரு நாள் தவறாமல் ஊற்றப்போவது யார், நிறுவனம் கைமாறினாலோ மூடப்பட்டாலோ யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தின் பொடியெழுத்தில் தேடுங்கள். நான் பார்த்த ஒப்பந்தங்களில், கட்டிய பணத்துக்கு மேல் எந்தப் பொறுப்பும் இல்லை என்றுதான் எழுதியிருந்தது.

பதில் 3 (அம்மாபேட்டை)

என் மகன் பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்கப் பணம் கட்டினேன். அவனுக்குப் பிறவியிலேயே மரபணுக் கோளாறு இருந்தால், அதே கோளாறு சேமித்த இரத்தத்திலும் இருக்கும், அதை அவனுக்கே திருப்பி ஏற்றிப் பயனில்லை என்பதை, மூன்றாவது தவணை கட்டிய பிறகு வேறொரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முன்பே கேட்டிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பணம் கட்டப்போவதில்லை. ஆனால் அண்ணன் மகனுக்கு வேறு வழியே இல்லையா? அவனுக்கு இரண்டரை வயதில் ஒரு தங்கை இருக்கிறாள்.

பதில் 1 (குழந்தைகள் பல் மருத்துவர், சேலம்)

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஐயா! தங்கையின் மஜ்ஜை பொருந்தினால் அதை அவனுக்குச் செலுத்தலாம். பொருத்தத்தை முடிவுசெய்வது எச்.எல்.ஏ. எனப்படும் அணுக்களின் அடையாளக் குறிகள்; உடன்பிறந்தவரிடம் அவை முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளிடம் அது மிகவும் அரிது. அந்தப் பெண்ணுக்குத் தலசீமியா நோய் இருக்கக் கூடாது. நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமக்கும் கடத்தியாக இருந்தால் தடையில்லை. பொருந்தினால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் இரத்தவியல் துறைக்குச் செல்லுங்கள். அங்கே 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துவருகிறார்கள். தலசீமியாக் குழந்தைகளின் இச்சிகிச்சைக்குக் கோல் இந்தியா எனும் அரசு நிலக்கரி நிறுவனம் 10 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டம் ஒன்றும் உண்டு. தகுதி விவரங்களை அந்தத் துறையிலேயே கேளுங்கள். வயது ஏற ஏற, உடலில் இரும்புச்சத்து சேரச் சேரச் சிகிச்சையில் ஆபத்து கூடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். பொருத்தம் பார்க்கச் சின்னக் குழந்தையின் கையில் ஊசி குத்த வேண்டுமென்பதுகூட இல்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்தே பார்க்கும் முறையும் இருக்கிறது. அது கிடைக்குமா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.