சிவில் படிக்கப்போகும் தங்கைக்கு எது: கழற்றி மாட்டும் டேப்லெட்டா, சாதா லேப்டாப்பா?

கொள்ளிடக்கரை:
வணக்கம். தங்கச்சி இந்த வருஷம் பி.இ. சிவில் சேர்கிறாள். 80,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். கடையில் மூன்று காட்டினார்கள். ஒன்று, விசைப்பலகையைக் கழற்றி மாட்டும் 13 அங்குல விண்டோஸ் டேப்லெட், 8 ஜிபி ரேம். இரண்டாவது, திரையை முழுக்கத் திருப்பி மடக்கும் 14 அங்குல லேப்டாப். மூன்றாவது, 15.6 அங்குல சாதா லேப்டாப். பேனாவால் திரையிலேயே நோட்ஸ் எழுத வேண்டும் என்று அவளுக்கு ஆசை. போகப்போக ஆட்டோகேட், ஸ்டாட் ப்ரோ, ரெவிட் என்று வரைபட, கட்டட சாஃப்ட்வேர் எல்லாம் வருமாம். தினமும் பஸ் பயணம், அதனால் எடையும் பார்க்கணும். நாலு வருஷம் தாங்கணும். எதை எடுக்கலாம்?

வரைபலகை:
எந்த சாஃப்ட்வேர் எதில் ஓடும் என்பதை முதலில் பாருங்க. ரெவிட், ஸ்டாட் ப்ரோ, கட்டடக் கணக்கீட்டுக்கான ஈடாப்ஸ் மூன்றும் விண்டோஸில் மட்டும்தான். ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிற ஆட்டோகேட் ஆப், வரைபடத்தைத் திறந்து பார்க்கவும் சின்னத் திருத்தம் போடவும் சரி, பாடத்துக்குப் போதாது. ஆகவே ஐபேட் ஒன்றை வைத்தே சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க.

விண்டோஸ் டேப்லெட்டில் இவற்றை நிறுவ முடியும். ஆனால் அதில் உட்கார்ந்து வரைவது கஷ்டம். 13 அங்குல சர்ஃபேஸ் ப்ரோ வகைத் திரையில் 2880 × 1920 புள்ளிகள் உண்டு. எழுத்து கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக விண்டோஸ் அதை 200 சதவீதத்தில் காட்டும். அப்போது கையில் இருப்பது 1440 × 960 அளவு இடம்தான். மேலே ரிப்பன், பக்கத்தில் ப்ராப்பர்ட்டீஸ், கீழே கமாண்ட் வரி போக, வரையக் கைக்குட்டை அளவுதான் மிஞ்சும். 15.6 அங்குல ஃபுல் எச்டி திரையை 100 சதவீதத்திலேயே வைத்து 1920 × 1080 முழுவதையும் பயன்படுத்தலாம்.

ஆட்டோகேடில் இடது கை கமாண்ட் அடிக்கும், வலது கை மவுஸ் பிடிக்கும். நடுச் சக்கரத்தை அழுத்தி நகர்த்துவது, அதையே இருமுறை சொடுக்கி முழு வரைபடத்தையும் திரைக்குள் கொண்டுவருவது எல்லாம் மவுஸ் வேலை. பேனாவால் கோட்டின் முனையையும் நடுப்புள்ளியையும் பிடிக்கப் பார்த்தால் பொறுமை போய்விடும். 230, 3600 என்று அளவு அடித்துக்கொண்டே இருக்கிற படிப்பு இது, 15.6 அங்குல லேப்டாப்பில் பெரும்பாலும் இருக்கிற வலப்பக்க எண் விசைகள் அந்தக் கழற்றும் விசைப்பலகையில் கிடையாது.

அந்த டேப்லெட்டில் ரேம் மதர்போர்டோடு சால்டர் ஆகி (ஈயத்தால் பற்றவைத்து) இருக்கும், பிறகு கூட்ட முடியாது. 8 ஜிபியில் ரெவிட் மாடலும் பிரவுசரும் சேர்ந்து திறந்தாலே திணறும். 16 ஜிபிக்குக் கீழே எதுவும் வேண்டாம். மெல்லிய உடம்பு என்பதால் சூடும் சீக்கிரம் ஏறும். நீண்ட கணக்கீடு ஓடும்போது சில நிமிடங்களில் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

என் யோசனை: கோர் ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, 1.7 கிலோவுக்குள் ஒரு சாதா லேப்டாப். மீதிப் பணத்தில் பேனா கூடவே வரும் ஆண்ட்ராய்டு டேப்லெட். சாம்சங் டேப் எஸ்6 லைட் போன்றது அரைக் கிலோகூட இல்லை. லேப் இல்லாத நாளில் அதை மட்டும் பையில் போட்டால் போதும். ஆர்டிஎக்ஸ் வரைகலை அட்டை போட்ட கேமிங் லேப்டாப்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கட்டடத்தை நிஜம் போலக் காட்டும் லூமியான், ட்வின்மோஷன் என்று ஓட்டும் ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்கு அது தேவை. சிவிலுக்கு அது இல்லாமலே வேலை நடக்கும். எடுத்தால் 2 கிலோவுக்கு மேல் எடையும் செங்கல் போன்ற சார்ஜரும்தான் மிச்சம்.

சால்டர் மணம்:
மேலே சொன்னதோடு ரிப்பேர் பக்கத்தையும் சேர்த்துக்கோங்க, நாலு வருஷம் என்று கேட்டதால். சாதா லேப்டாப்பில் திரை உடைந்தால் 30 பின் பேனல் ஒன்றை வாங்கி சென்னை ரிச்சி தெருவில் அன்றைக்கே மாற்றிவிடலாம். டேப்லெட்டில் கண்ணாடி, தொடுதிரை, டிஸ்ப்ளே மூன்றும் ஒன்றாக ஒட்டிய ஒரே துண்டு. கீறல் விழுந்தாலும் முழுசாக மாற்றணும், சில மாடலுக்கு அந்தச் செலவில் பழைய லேப்டாப்பே வாங்கலாம். பேட்டரியும் அப்படித்தான். லேப்டாப்பில் அடிமூடித் திருகுகளைக் கழற்றினால் பேட்டரி தெரியும். டேப்லெட்டில் பெரும்பாலும் பசையைச் சூடாக்கித் திரையைத் தூக்கித்தான் உள்ளே போகணும், அந்த வேலையிலேயே திரையில் விரிசல் விழுவதும் உண்டு.

வாங்கும் முன் கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் மெமரியை அழுத்துங்க. ரேம் செருக எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கு என்று காட்டும். ஆனால் சால்டர் ஆன ரேமையும் சில மாடலில் ஸ்லாட் என்றே கணக்குக் காட்டும், அதனால் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்திலும் ஒரு தடவை பார்த்துடுங்க.

இன்னொன்று, கல்லூரி நாற்காலியில் இருக்கிற எழுதுபலகை. ஸ்டாண்டை விரித்து விசைப்பலகையும் மாட்டினால் டேப்லெட்டுக்கு முன்பின்னாக 30 செ.மீ. இடம் வேணும். லேப்டாப்புக்கு 23, 24 செ.மீ. போதும். அந்தப் பலகையில் டேப்லெட் நிற்காது, மடியிலும் ஆடும்.

கொள்ளிடக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா. டேப்லெட்டிலேயே ஸ்னாப்டிராகன் சிப் போட்ட 16 ஜிபி மாடல் ஒன்று தள்ளுபடியில் இருக்கு, பேட்டரி நாள் முழுக்க வரும் என்கிறார்கள். அது? அந்த மடக்கும் லேப்டாப்பைப் பற்றியும் யாரும் சொல்லவில்லையே.

மூன்றாம் பருவம்:
ஸ்னாப்டிராகன் வேண்டாம் தம்பி, பேட்டரி பற்றி அவர்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும். ஸ்டாட், ரெவிட் எல்லாம் இன்டெல், ஏஎம்டி சிப்புக்காக எழுதியவை. ஸ்னாப்டிராகன் ஆர்ம் என்ற வேறு வகைச் சிப், அதில் எமுலேஷன் என்ற மொழிபெயர்ப்பு வழியாகத்தான் ஓடணும், பாதி வழியில் நின்றால் கேட்க ஆள் கிடையாது. பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேருக்கு அந்த வழியும் இல்லை. ஆர்ம் வகைக்கென்று தயாரிப்பாளர் தனியாகக் கொடுத்தால்தான் உண்டு. பழைய பிரிண்டர், உரிமத்துக்காக யுஎஸ்பியில் செருகும் பழைய லைசென்ஸ் டாங்கிள் மாட்டினால் அங்கேயே நிற்கும்.

மடக்கும் லேப்டாப் அவ்வளவு மோசமில்லை, சாதா லேப்டாப், தனி டேப்லெட் என்று இரண்டு வாங்கச் சொன்ன வரைபலகை சாரோடு இந்த ஒரு இடத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 16 ஜிபி, ரைசன் 5 கிடைத்தால் இரண்டு வேலைக்கும் ஒரே கருவி, ஒரே சார்ஜர். ஆனால் 1.5 கிலோவைக் கையில் பிடித்து எழுத முடியாது, மேசையில் படுக்கவைத்துத்தான் எழுதணும். பேனா பெட்டியில் உண்டா, தனியாகவா என்று கேளுங்க. ஹிஞ்சை நூறு தடவை திருப்புகிற பழக்கம் இருந்தால், உள்ளே ஓடும் திரைக் கேபிள் முதலில் போகும்.

அவசரமும் தேவையில்லை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம் என்றால் முதலாண்டில் பைத்தான் வரும், அதற்குக் கல்லூரி லேபே போதும். கிராபிக்ஸ் பாடம் பெரும்பாலும் டிராஃப்டர் என்ற வரைகருவியும் தாளும்தான். இப்போது வரைபலகை சார் சொன்ன ஆண்ட்ராய்டு டேப்லெட் மட்டும் வாங்கிவிட்டு, லேப்டாப்பை இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்தால் கம்ப்யூட்டரில் வரையும் கேட் (CAD) வேலை அதிகம் இருக்கிற வருஷங்களில் வாரண்டியும் புதுசாக இருக்கும். ஆட்டோடெஸ்க் மாணவர் உரிமம் இலவசம், வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.

வரைபலகை:
வாங்குவதைத் தள்ளிப்போடலாம் என்பது நல்ல யோசனை, அதை ஏற்கிறேன். டேப்லெட் எடுக்கும்போது தங்கச்சியையும் கூட்டிப்போங்க. ஸ்கேலைச் சாய்வாக வைத்து, பேனாவால் மெதுவாக ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்க. கோடு அலை அலையாக வந்தால் அந்தப் பேனாவில் படம் போட முடியாது. உள்ளங்கையைத் திரையில் ஊன்றி நாலு வரி எழுதட்டும். கை பட்ட இடத்தில் கிறுக்கல் விழக்கூடாது. சாம்சங் எஸ் பென்னுக்கு எழுத பேட்டரி தேவையில்லை. வேறு பல பேனாக்களுக்கு சார்ஜ் போடணும், சிலவற்றுக்கு ஏஏஏஏ என்ற ஒல்லி பேட்டரி, அது சின்ன ஊரில் கிடைப்பது கஷ்டம். காகிதம் போல சொரசொரப்பான ஃபிலிம் ஒட்டினால் எழுத நன்றாக இருக்கும், முனை சீக்கிரம் தேயும்; மாற்று முனைகளையும் சேர்த்தே வாங்கிடுங்க. நோட்ஸை ஒன்நோட்டில் எழுதினால் 5 ஜிபி வரை இலவசம், பிறகு லேப்டாப் வந்ததும் அதிலும் அப்படியே திறக்கலாம்.