புதுப்பிப்பு: சாய்ந்த ஹெட் டியூபும் ஏற்றமும்
செங்குத்தான இறக்கத்தில் மலைப்பாதை சைக்கிளின் முன்சக்கரம் நிலைகொள்ள ஹெட் டியூப் (ஹேண்டில்பாரும் முன் ஃபோர்க்கும் பொருந்தும் ஃபிரேமின் முன்குழாய்) சாய்வாக இருக்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அப்படியானால் ஏற்றத்தில் வண்டி அலைபாயாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள்.

நியாயமான கேள்வி. 1990-களில் 71 டிகிரியளவில் இருந்த ஹெட் டியூப் கோணம் (தரையோடு அளப்பது; எண் குறையக் குறையச் சாய்வு கூடும்), இன்றைய டிரெயில் வண்டிகளில், அதாவது ஏற்றமும் இறக்கமும் கலந்த பாதைகளுக்கான சைக்கிள்களில், 65-ஐ ஒட்டி வந்துவிட்டதால், முன்சக்கரம் ஓட்டுபவரைவிட்டு வெகுவாக முன்னே போகிறது. மெதுவாக ஏறும்போது அதன்மீது பாரம் குறைந்து, ஹேண்டில்பார் இருபுறமும் தடுமாறுவது உண்மைதான்.

இதைச் சரிக்கட்டுவது இருக்கையைத் தாங்கும் குழாயான சீட் டியூப். 73 டிகிரியிலிருந்து 76, 77 வரை அதை நிமிர்த்தியதால், இடுப்பு பெடல் அச்சை நெருங்கி வந்து, முன்சக்கரத்துக்குப் பாரம் திரும்பக் கிடைக்கிறது. இருக்கையை உயர்த்த உயர்த்த அது பின்னோக்கியும் நகர்வதால், உயரமானவர்கள் ஃபிரேம் வாங்குமுன் ஹெட் கோணத்தைவிட இந்தக் கோணத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.