ப்ளூ-ரே ப்ளேயர்ல ஹெச்டி டிவிடி ஓட வைக்க வழி இருக்கா?

ரீல்பெட்டி:
வணக்கம் நண்பர்களே, தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டை காலி பண்றப்ப ஒரு பெட்டி நிறைய பட டிஸ்க் குடுத்தாரு, அதுல பாதி நீலக் கவர் பாதி செவப்புக் கவர், செவப்புல எல்லாம் ஹெச்டி டிவிடின்னு, அதான் ப்ளூ-ரேக்குப் போட்டியா வந்த அந்தப் பழைய வகை, போட்டிருக்கு. நீலக் கவர்ல இருக்கிறது எல்லாம் என் ப்ளூ-ரே ப்ளேயர்ல அருமையா ஓடுது. செவப்பைப் போட்டா கொஞ்ச நேரம் சுத்துது, லென்ஸ் மேலயும் கீழயும் நகர்ற சத்தம் டக் டக்னு கேக்குது, அப்புறம் டிஸ்க் இல்லைன்னு காட்டிட்டு நின்னுடுது. பிளேஸ்டேஷன் 3லயும் இதே கதைதான். ஆனா சாதா டிவிடி ரெண்டுலயும் ஓடுது. ப்ளூ-ரே, ஹெச்டி டிவிடி ரெண்டுமே நீல லேசர்தானே, சைஸும் ஒண்ணுதானே, பின்ன ஏன் படிக்க மாட்டேங்குது? யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

சினிமாகாதலன்:
ப்ளேயருக்கு ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது ப்ளேயருக்கு உள்ள இருக்கிற சாஃப்ட்வேருக்கு அப்டேட், இருக்கான்னு பாருங்க ப்ரோ. எனக்கு புதுசா வந்த சில ப்ளூ-ரே படம் ஓடாம இருந்து அப்டேட் போட்டதும் ஓடிச்சு.

லென்ஸ்மணி:
சினிமாகாதலன் சொல்றது ப்ளூ-ரேக்கு சரிதான், புதுப் படத்துல காப்பி பாதுகாப்பு மாறிட்டே இருக்கும் அதுக்கு அப்டேட் வேணும். ஆனா ரீல்பெட்டி, உங்க பிரச்சனைக்கு ஃபர்ம்வேர் உதவவே உதவாது, ஏன்னா இது சாஃப்ட்வேர் விஷயம் இல்ல, லென்ஸ் விஷயம்.

லேசர் ரெண்டுக்கும் ஒண்ணுதான், 405 நானோமீட்டர். ஆனா ப்ளூ-ரேல டேட்டா இருக்கிற லேயர் டிஸ்க்கோட மேற்பரப்புல இருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்துலயே இருக்கு, ஹெச்டி டிவிடில 0.6 மில்லிமீட்டர் உள்ள, அதாவது சாதா டிவிடிக்கு இருக்கிற அதே ஆழம். ப்ளூ-ரே லென்ஸோட அபெர்ச்சர், அதாவது ஒளியை எவ்வளவு சின்னப் புள்ளியா குவிக்கும்ங்கிற அளவு, 0.85, ஹெச்டி டிவிடிக்கு 0.65. 0.1க்குன்னு செஞ்ச லென்ஸ் வழியா 0.6 ஆழத்தைப் பாத்தா ஒளி ஒரே புள்ளில குவியாது, கலங்கிப் போயிடும், அந்த டக் டக் சத்தம் அது ஃபோகஸ் தேடித் தேடி கிடைக்காம அலையறதுதான். டிவிடி மட்டும் எப்படி ஓடுதுன்னா அதுக்கு தனியா 650 நானோமீட்டர் செவப்பு லேசர் உள்ள இருக்கு, 0.6 ஆழத்துல குவியற மாதிரி ஆப்டிக்ஸும் இருக்கு. ஆனா நீல லேசரை அந்த ஆழத்துல குவிக்கிற ஏற்பாடு சாதாரண ப்ளூ-ரே ப்ளேயர்ல வெக்கவே இல்ல. இல்லாத லென்ஸை எந்த அப்டேட்டாலயும் குடுக்க முடியாது.

அந்த ஆழத்தாலதான் ரெண்டு கட்சியும் பிரிஞ்சதே. ஹெச்டி டிவிடிக்காரங்க டிவிடி அமைப்பையே வெச்சுக்கிட்டதால இருக்கிற ஃபேக்டரிலயே தயாரிக்கலாம்னாங்க, ஆனா ஒரு லேயருக்கு 15 ஜிபிதான் கிடைச்சுது. ப்ளூ-ரே ஒரு லேயருக்கு 25 ஜிபி புடிச்சுது, ஆனா மேற்பரப்புக்கு அவ்வளவு பக்கத்துல டேட்டா இருக்கிறதால கீறல் தாங்கற கோட்டிங் தனியா போட வேண்டி வந்துச்சு. வீடியோ கோடெக், அதாவது வீடியோவை சுருக்கி வெக்கிற முறை, பாத்தீங்கன்னா ரெண்டுலயும் அதே எம்பெக்-2, விசி-1, ஹெச்.264தான், படத்தோட தரத்துல பெருசா சண்டையே இல்ல. 2008 ஜனவரில வார்னர் பட நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் போனதும் பிப்ரவரி 19ஆம் தேதி தோஷிபா ஹெச்டி டிவிடிய கைவிடறதா அறிவிச்சுட்டாங்க. நல்ல டெக்னாலஜி, ரெண்டு வருஷம் கூட நிக்கலைன்னு எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

பழையப்ரொஜெக்டர்:
மணி அண்ணன் சொன்னதுல ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன். ரெண்டையும் ஓட்டற ப்ளேயர் நெசமாவே வந்துச்சு, 2007ல எல்ஜி பிஹெச்100, அப்புறம் பிஹெச்200, சாம்சங்ல பிடி-யூபி5000. செகண்ட் ஹேண்ட்ல தேடினா கிடைக்கும். ஆனா பிஹெச்100 வாங்கறதுக்கு முன்னாடி யோசிங்க, ஹெச்டி டிவிடியோட மெனு, எக்ஸ்ட்ரா எல்லாம் ஹெச்டிஐன்னு ஒரு சிஸ்டத்துல ஓடும், அதை அந்த மாடல் சப்போர்ட் பண்ணாது, படம் ஓடும் ஆனா டிஸ்க்கோட சொந்த மெனு வராது. ப்ளூ-ரேல அதே வேலைய ஜாவா பண்ணுது, அதனால மெனு விஷயத்துலயும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. பழைய தோஷிபா ஹெச்டி டிவிடி ப்ளேயரே தனியா வாங்கி பக்கத்துல வெச்சுக்கிறது என்னைக் கேட்டா நல்லது, ஹெச்டி டிவிடில ரீஜன் கோடே கிடையாது, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும், ப்ளூ-ரேல ஏ பி சின்னு பிரிச்சு வெச்சிருக்காங்களே அந்தத் தொல்லை இல்ல.

அப்புறம் செவப்புக் கவர்ல காம்போன்னு போட்டிருக்கான்னு பாருங்க. அதுல ஒரு பக்கம் ஹெச்டி டிவிடி, மறு பக்கம் சாதா டிவிடி, படம் போட்ட லேபிளே இருக்காது, நடு ஓட்டையைச் சுத்தி பொடி எழுத்துல மட்டும் எழுதியிருக்கும். திருப்பிப் போட்டா உங்க ப்ளேயர்லயே டிவிடி தரத்துல ஓடும்.

பிட்ரேட்ராணி:
கம்ப்யூட்டர் இருந்தா அதுதான் சுலபமான வழி. எக்ஸ்பாக்ஸ் 360க்கு தனியா ஒரு ஹெச்டி டிவிடி டிரைவ் வித்தாங்க, வெளிய வெச்சு யூஎஸ்பில சொருகற மாதிரி, அது விண்டோஸ்லயும் டிரைவா தெரியும். இல்லன்னா எல்ஜி ஜிஜிசி-ஹெச்20எல், அது கம்ப்யூட்டர் உள்ள மாட்டற சாட்டா டிரைவ், ப்ளூ-ரேயும் ஹெச்டி டிவிடியும் ரெண்டும் படிக்கும். ஆனா டிரைவ் வந்தா மட்டும் போதாது, புது ப்ளேயர் சாஃப்ட்வேர் எல்லாம் ஹெச்டி டிவிடிய விட்டுட்டாங்க. மேக்எம்கேவின்னு ஒரு சாஃப்ட்வேர் இன்னும் படிக்குது, அதுல போட்டு எம்கேவின்னு சாதா வீடியோ ஃபைலா மாத்திட்டா, அந்த ஃபைலை ஓட்டற டிவில பாக்கலாம். உங்க நாட்டுல சொந்த டிஸ்க்கை காப்பி எடுக்க சட்டம் விடுதான்னு மட்டும் பாத்துக்கங்க.

ரீல்பெட்டி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி! பழையப்ரொஜெக்டர் சொன்ன மாதிரி பாத்தேன், சில டிஸ்க்ல நிஜமாவே நடுவுல அந்த பொடி எழுத்து இருக்கு, திருப்பிப் போட்டதும் டிவிடியா ஓடுச்சு. மீதிக்கு டிரைவ் தேடப் போறேன். ஒரே ஒரு சந்தேகம், 4கே ப்ளூ-ரே ப்ளேயர் வாங்கினா அதுல ஹெச்டி டிவிடி ஓடுமா?

லென்ஸ்மணி:
ஓடாதுங்க. 4கே ப்ளேயரும் ப்ளூ-ரே குடும்பம்தான், ப்ளூ-ரே, டிவிடி எல்லாம் படிக்கும், ஹெச்டி டிவிடிய படிக்காது.

பிட்ரேட்ராணி:
டிரைவ் கிடைச்சதும் காப்பி எடுக்கறதைத் தள்ளிப் போடாதீங்க. ஹெச்டி டிவிடில நிறைய டிஸ்க் கீறலே இல்லாம உள்ள லேயர் கெட்டுப் போய் பாதிப் படத்துல நின்னுடுது, ரெண்டு பக்கமும் டேட்டா உள்ள காம்போவ இன்னும் பத்திரமா பாத்துக்கங்க. வேற எங்கயும் கிடைக்காத படத்தை முதல்ல எடுங்க, ப்ளூ-ரேல மறுபடி வந்தது எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.