கோத்தகிரி மழைக்கு ஏற்ற கேம் சொல்லுங்களேன்
வணக்கம் நண்பர்களே. 2018-இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேம் எனக்கு இப்போதுதான் கைகூடியது. 1899-இல், பனிமலையில் கதை தொடங்குகிறது. குதிரை போகப் போகப் பனியில் தடம் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதாநாயகன் ஆர்தர் மோர்கன் இருமும்போதெல்லாம் நெஞ்சை அடைத்தது.

அப்புறம் 'எல்டன் ரிங்' கேம். அதில் வரும் மார்கிட் என்ற பெரிய எதிரியிடம் இரண்டு நாளாக அடி வாங்குகிறேன். கைத்தடியை ஓங்கி, ஒரு கணம் தாமதித்துத்தான் இறக்குகிறான். அதற்குள் தப்பிக்க உருண்டுவிட்டால் தொலைந்தோம்! இருந்தாலும் விட மனமில்லை.

இப்போது உதவி வேண்டும். மழை பிடித்தால் எங்கள் பக்கம் கரண்ட் நிலையாக இருக்காது, நெட்டும் மெதுவு. பத்து ஜிபிக்குள், மனதில் நிற்கும் கதையோடு, தானாக சேவ் ஆகிற கேம் எது? தங்கையும் கூட விளையாடுவாள். 'ஹாலோ நைட்' சரிவருமா? விளையாடியவர்கள் சொல்லுங்கள்.