இசைத் தயாரிப்புக் கணினிக்குச் ‘சுணக்கம்’ என்ற சொல்: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல்லிய (ஓர்க்கெஸ்ட்ரா) இசையைக் கணினியில் அமைக்க விரும்பும் இளையவர்களுக்காக நாம் எழுதும் மேசைக்கணினி வழிகாட்டியில், ‘லேட்டன்சி’ வரும் இடங்கள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன. அங்கே ‘சுணக்கம்’ என்று எழுதலாம் என முன்மொழிகிறேன்.

கணினியுடன் இணைத்த இசைச் சாவிப்பலகையில் விரல் பட்ட கணத்துக்கும் வயலின் ஒலி காதுக்கு எட்டும் கணத்துக்கும் இடையில் ஒரு கால இடைவெளி உண்டு. கணினி ஒலிக்கூறுகளை (‘சாம்பிள்’) ஓர் இடையகத்தில் (‘பஃபர்’) தொகுதியாகச் சேர்த்த பின்னரே வெளிவிடுவதால், செக்கனுக்கு 48,000 கூறுகள் என்ற வீதத்தில், 256 கூறுகள் கொள்ளும் இடையகம் சுமார் 5.3 மில்லிசெக்கனையும், 1024 கூறுகள் கொள்ளும் இடையகம் சுமார் 21.3 மில்லிசெக்கனையும் எடுத்துக்கொள்கின்றன. காற்றில் ஒலி 10 மில்லிசெக்கனில் ஏறத்தாழ மூன்றரை மீற்றர் செல்லும். கூத்துக் களரியில் மத்தளக்காரருக்கும் ஆடுபவருக்கும் இடையே அவ்வளவு தூரம் இருப்பது வழமைதான். அதற்கு மேல் கூடக் கூட வாசிப்பவரின் கை தடுமாறத் தொடங்கும்.

‘தாமதம்’ என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம், இசைத் தயாரிப்பில் ஒலியை வேண்டுமென்றே பிந்தி ஒலிக்கச் செய்யும் ‘டிலே’ என்ற விளைவுக்கு அது தேவைப்படுவதே. ‘ஏன் இவ்வளவு சுணங்கினனீங்கள்?’ என்று வன்னியில் கேட்கும்போது, புறப்பட்ட ஒருவர் வழியில் ஏதோ மறித்ததால் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. கணினிக்குள் ஒலிக்கு நேர்வதும் அதுவே. தமிழ்நாட்டு நாளிதழ்களில் ‘பணியில் சுணக்கம்’ என்பது தொய்வைக் குறிப்பதை நான் அறிவேன். இருந்தாலும் அந்தப் பொருள் நம் பயன்பாட்டுக்கு முரணானதல்ல.

எது மறிக்கிறது என்பதை முன்னொட்டால் காட்ட முடிவது இச்சொல்லின் பெரும் பயன். ‘இடையகச் சுணக்கம்’ முறைவழியாக்கியைப் (புரொசெசர்) பொறுத்தது; அதன் வேகம் போதாவிட்டால் இடையகத்தைப் பெருப்பிக்க வேண்டிவரும். ஒரு தடத்தின் செயற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க வேண்டியிருப்பதால், வாங்குபவர் முறைவழியாக்கியிலுள்ள கருக்களின் (‘கோர்’) எண்ணிக்கைக்கு முன்னர் ஒரு கருவின் வேகத்தைப் பார்க்க வேண்டும். ‘வாசிப்புச் சுணக்கம்’, அதாவது கணினி தரவை வாசித்தெடுப்பதில் வருவது, சேமிப்பகத்தைப் பொறுத்தது. பல்லிய ஒலிநூலகங்கள் ஒவ்வொரு சுரப் பதிவின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எஞ்சியதை இசைக்கும்போதே வட்டிலிருந்து எடுக்கின்றன. சுழலும் வன்தட்டில் உரிய இடத்தைத் தேடவே பத்து மில்லிசெக்கன் அளவில் ஆகிவிடும். திண்மநிலைச் சேமிப்பகத்தில் (எஸ்எஸ்டி) அது ஒரு மில்லிசெக்கனிலும் மிகக் குறைவு. ஆகவே நூலகங்களைத் திண்மநிலைச் சேமிப்பகத்தில் வைப்பதும், 64 கிகாபைட் நினைவகத்துடன் தொடங்கி மேலும் கூட்ட இடமுள்ள தாய்ப்பலகையைத் தெரிவதும் நல்லது. படவட்டைக்குப் (கிராபிக்ஸ் கார்ட்) பெரும் பணம் செலவிடத் தேவையில்லை.

எங்கள் வெயிலும் இதில் சேர்கிறது. முறைவழியாக்கி மிகவும் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைக்கும், ஒலி வெடித்து வெடித்து வரும், பயனர் இடையகத்தைப் பெருப்பிப்பார், சுணக்கம் கூடும். எனவே பெரிய குளிர்த்தியும், காற்றோட்டமும் தூசு வடிகட்டியும் உள்ள பெட்டியும் இந்தச் சொல்லின் கீழேயே வழிகாட்டியில் இடம்பெற வேண்டும். மின்வெட்டுக்கான யூபிஎஸ் தனித் தலைப்பில் வரட்டும்.

ஒன்றை மட்டும் விலக்க வேண்டும். நரம்பிசைக் கருவிகளின் மென்மையான சுரப் பதிவுகள் மெல்ல எழுவதால், எவ்வளவு விரைவான கணினியிலும் பிந்தியே கேட்கும். இசையமைப்பாளர் அச்சுரங்களைச் சற்று முன்னே நகர்த்தி வைப்பார். இதையும் சுணக்கம் என்று அழைத்தால், பணம் செலவழித்துத் தீர்க்கக்கூடிய குறை என்று நம்பி ஒரு பிள்ளை அதிக விலைக்குக் கணினி வாங்கிவிடும். இதற்கு ‘எழுகை நேரம்’ என்ற வேறு சொல்லை வைப்போம்.

சொற்பட்டியலுக்கு நான் தரும் விளக்கம் இது: சுணக்கம் – உள்ளீடு நிகழ்ந்த கணத்துக்கும் அதன் ஒலி வெளிவரும் கணத்துக்கும் இடையே கணினி எடுத்துக்கொள்ளும் நேரம், மில்லிசெக்கனில் அளக்கப்படும். வினை: சுணங்கு. செருகுநிரல்களால் (‘பிளகின்’) வரும் பிந்தலைக் கணினி தானே சரிக்கட்டுவதற்குச் ‘சுணக்க ஈடு’ என்பது பொருந்துமா என்று மட்டும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.